கைராசி டாக்டருக்கு ஓட்டு விழுமா?

2025 ஜூன் 7. ஒரு வாசகர் கேட்டது

"மதுரைக்குத் தெற்கே எங்கள் ஊர். இங்கே இருபது வருஷமாகக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அடுத்த வருஷச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கப் போவதாகப் பேச்சு. தினமும் நூறு பேர் பார்க்கிறார். கைராசிக்காரர். இவரெல்லாம் ஓட்டுக்குக் காசே கொடுக்க வேண்டாம், வைத்தியம் பார்த்த ஆட்கள் போட்டாலே ஜெயித்துவிடுவார். சரிதானே?"

ஜூன் 8, காலை

விழாது தம்பி. இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே கணக்கை ஒரு காலத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தவன் நான்தான் என்பதால் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் முகப்பிலேயே என் மெடிக்கல். 19 வருஷம். அவர் எழுதும் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர், அவரும் நானும். சில நாள் நான் மட்டும். அவர் ஒரு சட்டமன்றத் தேர்தலில் நின்றார். எந்த வருஷம், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சின்னக் கட்சி, கூட்டணி இல்லை, அவ்வளவு போதும்.

நான் போட்ட கணக்கு இது. ஒரு நாளைக்கு 90 டோக்கன். வருஷத்துக்கு 300 நாள். ஆக 27,000. பத்து வருஷத்துக்கு 2,70,000. ஒரு தொகுதியின் மொத்த ஓட்டே இரண்டரை, மூன்று லட்சம்தான். மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை பார்த்தார். எம்.பி.பி.எஸ். படித்த மனுஷன், அவரும் மயங்கினார்.

சர்க்கரைக்கு வரும் அப்பத்தா ஒருத்தி மாதம் இரண்டு தடவை வருவாள். பத்து வருஷத்தில் 240 டோக்கன். ஓட்டு? ஒன்று. காய்ச்சலோடு வரும் பிள்ளைகளுக்கு ஓட்டே கிடையாது. ஆண்டிபட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு ஓட்டு வேறு தொகுதியில். இதையெல்லாம் கழித்துப் பார்க்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் 10,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். கிடைக்கவில்லை.

ஜூன் 8, மதியம்

திருத்தம். 19 வருஷம் இல்லை, 17. கடைசி இரண்டு வருஷம் கடை பேருக்குத் திறந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 9, இரவு

எதிர்பார்த்த அடி விழுந்திருக்கிறது. "ராமதாஸ் டாக்டர் இல்லையா? கிருஷ்ணசாமி? விஜயபாஸ்கர்? ஆந்திராவில் ஒய்.எஸ்.ஆர். ஒரு ரூபாய் டாக்டராக இருந்து முதலமைச்சர் ஆகவில்லையா?"

ஆனார்கள். யாரும் ஸ்டெதஸ்கோப்பால் ஆகவில்லை. ராமதாஸ் திண்டிவனத்தில் குறைந்த கட்டணத்துக்கு வைத்தியம் பார்த்தவர்தான். ஆனால் 1980-இல் வன்னியர் சங்கம், 1987-இல் ஒரு வாரச் சாலை மறியல், அதற்கப்புறம் 1989-இல்தான் பா.ம.க. என்ற கட்சி. கிருஷ்ணசாமி கோயம்புத்தூரில் வைத்தியம் பார்த்தார், 1996-இல் ஜெயித்தது தூத்துக்குடிப் பக்கத்து ஒட்டப்பிடாரத்தில். எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நோயாளி ஓட்டா அது? விஜயபாஸ்கருக்குப் பின்னால் ஒரு பெரிய கட்சியின் சின்னம் இருந்தது. ஒய்.எஸ்.ஆரின் அப்பா புலிவெந்துலாவில் ஏற்கெனவே பெரிய கை.

மதுரையிலேயே பாருங்கள். டாக்டர் சரவணன் 2019 திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில் தி.மு.க. சார்பில் ஜெயித்தார். 2021-இல் மதுரை வடக்கில் பா.ஜ.க. சார்பில் நின்று தோற்றார். 2024-இல் மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் நின்று சு. வெங்கடேசனிடம் தோற்றார். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. அதே டாக்டர், அதே கை, அதே ஆஸ்பத்திரி. மாறியது சின்னமும் காற்றும்தான்.

ஜூன் 11

"அப்படியானால் உங்கள் டாக்டர் ஏன் நின்றார், புகழாசையா?" என்று ஒருவர்.

கொஞ்சம் இருந்திருக்கும். யாருக்குத்தான் இல்லை? ஆனால் நான் பார்த்தது வேறு.

108 வண்டி வருவதற்கு முந்தைய காலம். மல்லிகைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற குடும்பம், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பையன். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருக்கிறான். வாந்தி. சூட்டு வலி என்று நினைத்து வெந்தயமும் மோரும் கொடுத்திருக்கிறார்கள். கிளினிக்குக் கொண்டுவந்தபோது கண் இமை தொங்கிப்போயிருந்தது. டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, வாசலிலேயே சொல்லிவிட்டார்: "கட்டுவிரியன்." கடித்த இடம் தெரியாது, வலிக்காது, வீங்காது. தூக்கத்திலேயே கடிபட்டிருப்பான்.

விஷமுறிவு மருந்து பக்கத்தில் எங்கேயும் இல்லை. மதுரைக்குத்தான் போக வேண்டும், கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். என் மெடிக்கலுக்குச் சரக்கு இறக்க வந்த வேனில் போட்டு டாக்டரே கூட ஏறினார். மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே போனார்கள். செக்கானூரணி தாண்டவில்லை.

திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னது: "மருந்து இருக்கு. குளிர்சாதனப் பெட்டி இருக்கு. அதை இங்க வைக்கணும்னு கையெழுத்துப் போடுற ஆளுதான் எங்கேயோ இருக்கான்." அந்த ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் அவர் போக நினைத்தார். மனுக் கொடுத்துப் பார்த்தார், நடையாய் நடந்தார். அப்புறம்தான் அந்தச் சின்னக் கட்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

ஜூன் 12

பாம்பைப் பற்றியே பத்துக் கேள்வி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். எது கடித்தது என்று தேடி அடித்து, பையில் போட்டுக்கொண்டு வரத் தேவையில்லை. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் பெரிய கை. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். ராத்திரி தரையில் படுத்தவனுக்கு விடியும்போது வயிற்று வலியும் இமைச் சரிவும் இருந்தால் மோர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். நான் டாக்டர் இல்லை. டாக்டர் சொல்லச் சொல்லக் காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

விவாதம் எங்கேயோ போகிறது. சரி, போகட்டும்.

ஜூன் 15, ஞாயிறு. மழை, கடை இல்லை, நிறைய எழுதுவேன்

பிரசாரம். ஒரு ஜீப், இரண்டு ஒலிபெருக்கி, பின்னால் பதினைந்து பையன்கள். அதில் எட்டுப் பேர் டீக்கு வந்தவர்கள்.

ஒரு கிராமத்து முக்கில் ஜீப்பை நிறுத்தினால் பொதுவாக வேட்பாளர் கும்பிடுவார், ஆரத்தி எடுப்பார்கள், தட்டில் காசு போடுவார், நகர்வார். எங்கள் டாக்டருக்கு முன்னால் ஒரு கிழவி வந்து ஆரத்திக்குப் பதில் கையை நீட்டினாள், நாடி பார்க்கச் சொல்லி. இவர் பிடித்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்க்கிறார். பதினைந்து விநாடி. முப்பது. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்த பையன் என்ன செய்வது என்று தெரியாமல் பேச்சை நிறுத்திவிட்டான். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. இவர் குனிந்து கேட்கிறார்: "ஆத்தா, பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டியா?" அவள் "நல்லாத்தானே இருக்கேன்" என்றதும் அந்த இடத்திலேயே திட்ட ஆரம்பித்துவிட்டார். ஓட்டுக் கேட்டாரா? மறந்துவிட்டார். நான்தான் கையில் நோட்டீஸைத் திணித்தேன்.

இதே மாதிரி நாளைக்கு ஏழெட்டு. ஊர் ஊராகப் போய் மாத்திரை சாப்பிடாதவர்களைத் திட்டிய ஒரே வேட்பாளர் அவராகத்தான் இருப்பார்.

வாக்குறுதி கொடுக்கவும் வரவில்லை. எங்கள் பக்கம் தேர்தல் என்றாலே 58 கிராமக் கால்வாய்தான். வைகை அணையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர். எந்தக் கட்சி மேடையானாலும் முதல் வாக்குறுதி அதுதான். ஒரு பெரியவர் எழுந்து "டாக்டரய்யா, நீங்க வந்தா தண்ணி வருமா?" என்றார். ஆமாம் என்று சொன்னால் கைதட்டு. இவர் நின்று நிதானமாக, "அணை மொத்தமே 71 அடி. அதுல மட்டம் நல்லா ஏறினாத்தான் இந்தக் கால்வாய்க்கு விடமுடியும். மழை பெய்யலேன்னா நான் என்ன, யார் வந்தாலும் வராது" என்றார். கேன்சர் என்று சொல்கிற அதே குரல். கூட்டம் கலைந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும், எழுதலாமா என்று ரெண்டு நாளாக யோசித்தேன். 1986-இல் ஒரு பத்திரிகை அட்டைப்படமாகவே போட்ட பிறகு எங்கள் வட்டாரத்துப் பெயர் பெண் சிசுக் கொலையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஸ்கேன் வந்தது. வயிற்றில் இருப்பது என்ன என்று சொல்லக் கூடாது என்ற சட்டம் 1994-இல் வந்தது. டாக்டரிடம் ஸ்கேன் மெஷின் கிடையாது. ஆனால் மதுரையில் எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், "இதுல என்ன போட்டிருக்குன்னு மட்டும் சொல்லுங்க." ரிப்போர்ட்டில் அது இருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். "எழுதலேன்னா என்ன, படத்தைப் பார்த்துச் சொல்லுங்க." கவரை மூடித் திருப்பிக் கொடுப்பார். ஒரு தடவை ஒரு மாமியார் மேசையில் ஐந்நூறு ரூபாயை வைத்துவிட்டுப் போக, இவர் தெருவரைக்கும் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தார்.

அந்தம்மாள் வீட்டுக்கும் ஓட்டுக் கேட்டுப் போனோம். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டதுக்கு வாயத் திறக்கல. இன்னிக்கு வாசலுக்கு வந்துட்டீக." உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்தது. ஏழெட்டு வயது. டாக்டர் முழுச் சொம்பையும் குடித்தார். திரும்பி வருகிற வழியில் யாரும் பேசவில்லை.

ஜூன் 16

பணம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு பக்கத்துத் திருமங்கலத்தின் பெயர் ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு "ஃபார்முலா"வாகவே நாடு முழுக்கப் போனது. நான் புதிதாக என்ன சொல்ல?

ஒன்று மட்டும். ஓட்டுப்பதிவுக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் பழைய நோயாளி ஒருவர் பின்வாசல் வழியாக வந்தார். ரெண்டு தடவை மாரடைப்பிலிருந்து டாக்டர் காப்பாற்றிய மனுஷன். "கவர் வாங்கிட்டேன் டாக்டரய்யா. வீட்டுல நாலு ஓட்டு. கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க. மாத்திப் போட்டா சாமி குத்தம்." கண் கலங்கிச் சொன்னார். டாக்டர் கேட்டது, "நெஞ்சு வலி மாத்திரை கைவசம் இருக்கா?"

என்னைப் பொறுத்தவரை அந்த மனுஷன் நேர்மையானவர். வாங்கிவிட்டுச் சொல்லாமல் இருந்தவர்கள்தான் அதிகம்.

ஜூன் 20

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அரசியலுக்கு வந்தால் ஓட்டை மட்டும்தான் அளப்பீர்களா என்கிறார். நியாயம். அவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1918-இல் மதுரையில் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பேசி ராஜதுரோக வழக்கில் மாட்டியவர் டாக்டர் வரதராஜுலு நாயுடு. அவர் நாட்டு வைத்தியத்தில் பேரெடுத்தவர், ஆங்கில மருத்துவர் இல்லை. அவருக்காக வாதாடியது ராஜாஜி. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரையில் முன்னால் நின்றவர், 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் சுகாதார அமைச்சர். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு வந்தார், 1930-இல் காந்தி கைதானதும் பதவியை விட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய வேலை சட்டமாக 1947 வரை ஆனது. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. பதவியில் இல்லாத காலத்தில்தான் அவர் வேலை பாதி நடந்திருக்கிறது.

இதை எழுதும்போது ஜூன் 8-இல் நான் எழுதியது கொஞ்சம் சின்னத்தனமாகத் தெரிகிறது. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூலை 1

இன்று டாக்டர்கள் தினம். பி.சி. ராய் பிறந்ததும் இறந்ததும் இதே தேதி. மேற்கு வங்க முதலமைச்சராக இருந்தபோதும் காலையில் நோயாளிகளை இலவசமாகப் பார்த்தவர். எங்கள் டாக்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர் படம் வைத்திருந்தார். சின்ன வயதில் நான் அதை அவருடைய தாத்தா என்று நினைத்திருந்தேன்.

(சின்ன வயது என்பது முப்பத்திரண்டு.)

ஜூலை 4

கடைசி இரண்டு வருஷம் என்று சொன்னேனே, அது இதுதான். சொல்லாமல் போனால் என்னை நடுநிலை என்று நினைத்துவிடுவீர்கள்.

கிளினிக் வாசலில் கொடிக்கம்பம் நட்டார்கள். டாக்டர் கரை வேட்டி கட்டினார். உள்ளே யாரிடமும் எந்தக் கட்சி என்று அவர் கேட்டதில்லை, நான் சாட்சி. ஆனால் வருகிறவன் பார்ப்பானே. பெரிய கட்சி ஒன்றியப் பொறுப்பாளர் ஒருவர் தோள் துண்டைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக வருவார். அப்புறம் அவர் வரவில்லை, மனைவியை அனுப்பினார். அப்புறம் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பினார். அப்புறம் அதுவும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் எதிரில் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். 90 டோக்கன் 60 ஆனது, 40 ஆனது. என் கடை வியாபாரம் பாதிக்கும் கீழே. மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை வைத்தேன்.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, இப்போதும் துளி இருக்கிறது. அவர் தோற்றதைப் பற்றி நான் எழுதுவதில் அதுவும் கலந்திருக்கும். கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஜூலை 6

எண்ணிக்கை முடிந்த மறுநாள். ஒன்பதரைக்குக் கதவைத் திறந்தார். முதல் ஆள் வாசலில் உட்கார்ந்திருந்தாள், 240 டோக்கன் அப்பத்தா. அவளே சொன்னாள், டாக்டர் கேட்கவில்லை: "உங்களுக்குப் போடல சாமி. ஜெயிச்சா மெட்ராஸ் போயிருவீக. எனக்கு யாரு பாப்பா?"

இதைப் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்கிறவர்கள் உருகுவார்கள். இப்போது யோசித்தால் அதுவும் ஒரு சாக்காக இருக்கலாம் என்று படுகிறது. அவள் வீட்டுக்கும் கவர் போயிருக்கும். போனால்தான் என்ன, ரெண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கக் கூடாதா?

தேர்தல் செலவுக் கணக்கு எழுதுவதும் என் தலையில் விழுந்தது. முடிவு வந்த 30 நாளைக்குள் கொடுக்காவிட்டால் மூன்று வருஷத்துக்குத் தேர்தலில் நிற்கத் தகுதி போய்விடலாம். "இனிமே நிக்கவா போறேன்?" என்றார். ஆனாலும் டீ, வடை, ஜீப் டீசல் என்று ஒவ்வொன்றாக எழுத வைத்தார். உங்கள் டாக்டரிடம் இதை மட்டும் சொல்லுங்கள் தம்பி: முதல் நாளிலிருந்தே பில் வாங்கி வைக்கட்டும்.

ஜூலை 9

டாக்டருக்கே போன் போட்டேன். இங்கே எழுதுவதைச் சொன்னேன். "பேரைப் போடாதய்யா" என்றார். அப்புறம் ரெண்டு திருத்தம். மூச்சுப் பையை அமுக்கியது அவர் இல்லை, வேன் டிரைவரின் தம்பி. டாக்டர், கடிபட்ட பையனின் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் பெயர் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, எனக்கு இல்லை. இரண்டாவது, கண் இமையைப் பார்த்ததும் சொல்லிவிட்டார் என்று நான் எழுதியது சினிமாவாம். முதலில் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்த்தாராம், ரெண்டு மூன்று நிமிஷம் போயிருக்கும் என்கிறார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

பாம்புக்கடி மருந்து கடைசியில் எங்கள் ஊருக்கு வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். வந்தது. ஜெயித்தவரின் அம்மா எங்கள் கிளினிக்கில்தான் சர்க்கரைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனே ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் சீட்டு எழுதும்போது கூடவே ஒரு மனுவையும் எழுதிக் கையில் கொடுத்தார். ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் அந்த அம்மாவை மாதம் ரெண்டு தடவை வரச் சொன்னார். தேவை ஒரு தடவைதான்.

ஜூலை 13

பிரசார நோட்டீஸ் ஆறு கட்டு மிச்சம். பின்பக்கம் வெள்ளை. தூக்கிப் போட மனசு வராமல் மாத்திரை மடித்துக் கொடுக்க வைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் ஓடியது. ஒரு பக்கம் டாக்டர் கும்பிடுவார், மறுபக்கம் காலை 1, இரவு 1. ஜெயித்த கட்சிக்காரர்களும் அதில்தான் வாங்கிப் போனார்கள்.

இன்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலமான அப்பத்தாவின் தகரப் பெட்டியில் அப்படி ஒரு நோட்டீஸ் இருந்ததாம், நாலாக மடித்து, உள்ளே மூன்று மாத்திரையோடு. தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அடியில் பொடி எழுத்தில் 'வெளியிட்டவர்' என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது நீங்கள்தானா என்று கேட்கிறார்.

நான்தான். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம். மாத்திரையைக் குப்பையில் போடுங்கள், காலாவதி ஆகியிருக்கும்.

பின்பக்கம் இருப்பதும் என் கையெழுத்துதான். இரவு மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுத விட்டுப்போயிருக்கிறது.